மஞ்சுவிரட்டும் ஆம்புலன்ஸ் பாதையும்

தை 3ன்னா எங்க காரைக்குடி பக்கம் பாதி சனம் மஞ்சுவிரட்டு பாக்க சிராவயல் பொட்டல்லதான் நிக்கும். எல்லாரும் மாடு வரிசையா வெளிய வர்ற தொழுவத்தான் பாக்குறாங்க, எனக்கு பயமே பொட்டல்தான். தொழுவுக்கு வராம பொட்டல்ல அங்கங்க அவுத்துவிடுற கட்டுமாடு எந்தப் பக்கம் திரும்பும்னு மாட்டுக்காரருக்கே தெரியாது, நம்மாளு முதுகக் காட்டிக்கிட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டு நிப்பான்.

ரெண்டடுக்கு வேலி, டாக்டர், ஆம்புலன்ஸ்னு ரூல்ஸ்ல எல்லாம் இருக்கு, ஆனா போன வருசம் பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டுல நான் பார்க்கிங் பாத்தேன், ஆம்புலன்ஸ் கரெக்டா வந்து நின்னுச்சு, திரும்பிப் போக வழி இல்ல, கம்மாக்கரை ரோடு முழுக்க பைக்கு, நடுவுல ஒரு கரும்பு ஜூஸ் வண்டி வேற. குத்துப்பட்ட பையன கட்டில்ல தூக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடுனோம்.

பெங்களூர்ல 2025 ஜூன் 4 அன்னைக்கு ஆர்சிபி ஐபிஎல் கப் ஜெயிச்ச கொண்டாட்டத்துல 11 பேர் செத்தது கிரவுண்டுக்குள்ளயா? கேட்டுக்கு வெளிய, நெரிசல்ல.

அதனால இந்த தடவ கமிட்டில சண்ட போட்டு வர ஒரு பாதை, போக ஒரு பாதைன்னு முடிவாயிருச்சு, ஆம்புலன்ஸுக்கு தனியா கயிறு கட்டுறோம். கயிறு புடிக்க ஆள் வேணும், வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க. பங்காளி, உன் புல்லட்ட வீட்லயே வச்சுட்டு வா.