எங்கட மாகாண சபைக்கு எப்ப எலெக்‌ஷன்?

திருகோணமலையில கூடின கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரோட கலைஞ்சது, அதுக்குப் பிறகு எலெக்‌ஷனே இல்லை. 37 உறுப்பினர், எங்கட திருகோணமலை மாவட்டத்துக்கு 10 பேர். ரிபன் வெட்டுறதுதான் இவையின்ர வேலை எண்டு கன பேர் நினைக்கினம், அது பிழை.

சபை கூடினா வெருகல் பள்ளிக்கூடத்துக்கு ஏன் டீச்சர் இல்லையெண்டு மாகாண கல்வி அமைச்சரை எழும்பி நிண்டு பதில் சொல்ல வைக்கலாம். அதைவிடப் பெரிய வேலை நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், இயற்றுறது. சபை பாஸ் பண்ணினாலும் ஆளுநர் ஒப்புதல் குடுக்காட்டி அது சட்டமில்லை, அவர் திருப்பி அனுப்பலாம், திரும்பவும் பாஸ் பண்ணினா ஜனாதிபதி மூலமா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகலாம், காசு சம்பந்தப்பட்டதெண்டா ஆளுநர்ட சிபாரிசு இல்லாம கொண்டுவரவே ஏலாது. ஜனாதிபதி நியமிக்கிற ஒருத்தருக்கு இவ்வளவு பவர், எனக்கு இது அண்டைக்கும் பிடிக்கேல்ல இண்டைக்கும் பிடிக்கேல்ல.

ஆனாலும் அந்த 10 பேரையும் நாங்கள் வீட்டு வாசலில போய்க் கேள்வி கேக்கலாம், ஆளுநரை அப்பிடிக் கேக்க ஏலுமா? 2017இல தேர்தல் முறையை மாத்தினவை, அடுத்த வருசமே அந்தப் புது முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றத்தில தோற்கடிச்சுப்போட்டு அப்பிடியே விட்டுட்டினம். பழைய முறையிலயாவது எலெக்‌ஷனை வையுங்கோ.