பிஎம்ஐ கன்னும் ஒரு செப்புத் துண்டும்

“பிஎம்ஐ அடிச்சாச்சா?” துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் க்யூசி (தரப் பரிசோதனை) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பிஎம்ஐ என்றால் ஒரு உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது, அது எந்த வகை என்று உறுதிசெய்யும் சோதனை. அதற்கான கன் பார்க்க டிரில்லிங் மிஷின் போல இருக்கும். மூக்கைப் பைப்பின் மேல் அழுத்தி ட்ரிகரைப் பிடித்தால் சில விநாடிகளில் குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு, இது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று திரையில் வந்துவிடும். உள்ளே இருப்பது ஒரு குட்டி எக்ஸ்ரே குழாய். அந்தக் கதிர் உலோக அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைத் தட்டிவிடும். காலியான இடத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் இறங்கும்போது ஒரு எக்ஸ்ரே வெளியே வரும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. குரோமியத்துக்கு 5.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 6.4, நிக்கலுக்கு 7.5. எந்த ஆற்றலில் எத்தனை வருகிறது என்று கன் எண்ணுகிறது. மற்றதெல்லாம் கணக்கு.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், பெயிண்ட் அடித்த பிறகு கார்பன் ஸ்டீல் எல்போவும் (பைப்பின் வளைவுத் துண்டு), குரோமியம் போன்றவை சேர்த்த அலாய் ஸ்டீல் எல்போவும் ஒரே மாதிரிதான் இருக்கும். 2005 ஜூலை 28 அன்று டெக்சாஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு எல்போ வெடித்துத் தீப்பிடித்தது. பராமரிப்புக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது, அலாய் ஸ்டீல் எல்போ இருக்கவேண்டிய இடத்தில் அதே அளவுள்ள கார்பன் ஸ்டீல் எல்போவை மாட்டிவிட்டார்கள். சூடான ஹைட்ரஜன் அதைச் சில மாதங்களில் தின்றுவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு ஆடி மாதம், ஏ106 கிரேடு பி பைப் ஒரு லாட் வந்திருந்தது. சாதாரண கார்பன் ஸ்டீல். கஸ்டமர் கேட்டதால் அதற்கும் பிஎம்ஐ. முதல் பைப்பில் குரோமியம் 0.45 சதவீதம் என்றது. அடுத்ததில் 0.48. அந்த கிரேடில் குரோமியத்துக்கு உச்ச வரம்பு 0.40. பைப் தயாரித்த மில்லின் சர்டிஃபிகேட்டிலோ 0.03 என்று போட்டிருந்தது. பத்துப் பைப் பார்த்தேன், பத்திலும் அதே கதை. “மில்லுக்காரன் ஏமாத்திட்டான்” என்று ஸ்டோர்ஸில் முடிவே கட்டிவிட்டார்கள். சிவப்பு பெயிண்டால் ஹோல்ட் என்று எழுதி லாட்டை ஓரம் கட்டினோம். சப்ளையருக்குக் காட்டமாக ஒரு மெயில். அதை எழுதியவன் நான்தான்.

கன் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இல்லை. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, கன்னோடு வந்த 316 செக் துண்டை வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் பாஸ். அதனால்தான் அத்தனை தைரியம்.

சாயங்காலம் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, “தம்பி, 316ல குரோமியம் எவ்வளவு?” என்றார். “பதினாறிலேர்ந்து பதினெட்டு அண்ணே.” “அதுல அரை பர்சென்ட் கூடுனா உனக்கு எப்படித் தெரியும்? குரோமியமே இல்லாத ஒண்ண வச்சுப் பாரு.” போனை வைத்துவிட்டார்.

எலக்ட்ரிக்கல் ரூமில் பஸ்பார் (மின்சாரம் கடத்தும் பட்டை) வெட்டிய மிச்சம் கிடந்தது. நல்ல செம்பு. துடைத்து, கன்னை வைத்து அழுத்தினேன். செம்பு வந்தது, கூடவே இரும்பு, குரோமியம், நிக்கல். பஸ்பாரில் இதெல்லாம் எங்கிருந்து வரும்? கன்னைத் திருப்பி செல்போன் டார்ச்சை அடித்தேன். மூக்கில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமின் ஓரத்தில் ஒரு கீறல். அதன் மேலும் உள்ளேயும் ஜிகினா தூவினாற்போல மினுமினுப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரைண்டிங் தூள். முந்தின நாள் ஷாப்பின் பக்கத்துப் பகுதியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் பார்த்துவிட்டு, கன்னை மூக்கு கீழே இருக்கும்படி மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது ஞாபகம் வந்தது. எந்தப் பைப்பைப் பார்த்தாலும் கன் இந்தத் தூளையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறது.

ஃபிலிமைக் கழற்றும்போது பக்கத்தில் நின்ற ஹெல்பர் ஆர்வமாக ஏர் ஹோஸை நீட்டினார். “ஊதிடலாமா சார்?” அவர் கையைப் பிடித்த வேகத்தில் எனக்கே வலித்தது. ஃபிலிமுக்குப் பின்னால் டிடெக்டர் இருக்கிறது. அதன் முகத்தில் இருப்பது பெரிலியம் தகடு, காகிதத்தை விட மெல்லியது, தொடவே கூடாது. ஒரு ஊது போதும், சில லட்சம் காலி. கன்னைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டி, புது ஃபிலிம் ஒட்டினேன். செம்பில் குரோமியம் மறைந்தது. பைப்பில் மில் சொன்ன 0.03 பக்கத்திலேயே வந்தது. மறுநாள் சப்ளையரின் ஆள் நேரில் வந்தார். கேண்டீனில் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தார், நல்ல மனுஷன்.

அதற்குப் பிறகு ‘மிஷின் கோளாறு’ என்று வந்த புகார்களில் பாதிக்கு மேல் மிஷினில் ஒன்றுமே இல்லை. ஜிங்க் பிரைமரைச் சுரண்டாமல் அடித்துவிட்டு, அலாயில் துத்தநாகம் வருகிறது என்பார்கள். வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் வயர் ஒற்றைக் கம்பியை இரும்பு மேஜை மேல் வைத்துப் பார்ப்பார்கள். கம்பி பாதி, மேஜை பாதி சேர்ந்து ரிசல்ட் வரும். நாலைந்து கம்பியைத் துண்டாக்கி நெருக்கமாக அடுக்கினால் சரியாகிவிடும். கம்பியை விரலில் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்துகிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் அடங்காது. வாங்கிய கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் சட்டைப் பையில் இருக்கிறது, கதிர் வாங்குவது விரல். வெல்டு ஆறுமுன்னே மூக்கை வைத்து ஃபிலிமை உருக்கியவரும் உண்டு.

ஒரு இன்ஸ்பெக்டர், “316தான்னு காட்டுது, எல் எங்கே?” என்று கேட்டுவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அவருக்கு வேண்டியது 316எல் என்ற வகை. எல் என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார்பனின் எக்ஸ்ரே அவ்வளவு பலவீனம், காற்றையும் ஃபிலிமையும் தாண்டி டிடெக்டருக்கு வந்தே சேராது. இந்த கன்னை வைத்துக்கொண்டு 316ஐயும் 316எல்லையும் பிரிக்கவே முடியாது, அதற்கு ஸ்பார்க் போட்டு, வரும் ஒளியை வைத்துத் தனிமங்களை அளக்கும் ஓஇஎஸ் மிஷின் வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் ஓஇஎஸ் வரவழைத்துத்தான் விட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, கேட்ட மிஷின்தான் தப்பு.

அந்த பஸ்பார் துண்டு இப்போது கன் பெட்டியிலேயே, 316 துண்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தினமும் காலையில் இரண்டையும் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுகிறோம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை ஸ்கிராப் டப்பாவில் போட்டுவிட்டான். பழைய சாமான்காரர் தராசில் வைத்த பிறகுதான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். “நல்ல செம்பு சார், நல்ல விலைக்குப் போகும்” என்றார் அவர். இப்போது ஓட்டை போட்டு, கன் பெட்டியின் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.