தூக்க ஆள் உண்டு, பிடிக்கத்தான் இடம் தெரியாது

நாகர்கோவில் பக்கம் வீல்சேரோடு ரோட்டுக்கு வந்தால் உதவிக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு படி முன்னால் வண்டி தயங்கி நின்றால் போதும், டீக்கடையில் நாலு பேர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். "மக்கா, இங்க வா, ஒரு கை பிடி" என்று ஒருவர் தலைமை ஏற்பார். ஒருவர் கை வைக்கிற சட்டத்தைப் பிடிப்பார், இன்னொருவர் கால்மிதியை. பல வண்டிகளில் இந்த இரண்டும் கழற்றி மாட்டுகிற பாகங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னதும் சட்டம் மேலே போகும், கால்மிதி மேலே போகும், உட்கார்ந்திருப்பவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார்.

அதனால் உட்கார்ந்திருப்பவர்தான் மேஸ்திரி. யாரும் தொடுவதற்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்: பின்னால் ஒருவர் தள்ளுகிற கைப்பிடியில், முன்னால் இரண்டு பேர் முழங்கால் பக்கம் கீழே ஓடுகிற இரும்புக் குழாயில். நாலாவது ஆள் கூட்டத்தை விலக்கட்டும், அவருக்கும் வேலை வேண்டுமே. கைப்பிடியின் ரப்பர் உறையைத் திருகிப் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நனைந்த உறை வழுக்கி, பிடித்தவர் கையோடு தனியாக வந்துவிடும்.

ஒற்றைப் படிக்கு இத்தனை பேர் தேவையில்லை. ஏறும்போது பின்னால் நிற்பவர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை மிதித்து, கைப்பிடியைத் தன் பக்கம் சாய்த்து, முன்சக்கரத்தைப் படிமேல் வைக்கட்டும். பெரிய சக்கரம் படியை முட்டியதும் தள்ளித் தூக்கினால் போதும். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பின்புறமாக, பெரிய சக்கரம் முதலில். "நேரா விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்பவரை நம்பி முன்பக்கமாக இறங்கினால் வண்டி படியில் நிற்கும், ஆள் போய்ச் சேர்வது டீக்கடை பெஞ்சில்.

கடை வாசல் சாய்தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கு 1:12. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நம் கடைகளில் ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி நீளம் இருந்தால் அதிர்ஷ்டம். அது ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றப் போட்ட சிமென்ட். ஏறும்போது வண்டி பின்னால் மல்லாக்கப் பார்க்கும், ஆகவே உடம்பை முன்னால் குனித்து, பின்னால் ஒருவரை நிறுத்திக்கொண்டே ஏற வேண்டும்.

ஆட்டோ தனிக் கலை. "கேறுங்க அண்ணே, எல்லாம் கொள்ளும்" என்பார் டிரைவர். ஆளைக் கொள்ளும், வண்டியைக் கொள்ளுமா? ஆட்டோவை ஒட்டிச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கும் போட்டு, கால்மிதியை விலக்கிவிட்டு, அப்புறம் நகர்ந்து ஏற வேண்டும். இங்கேதான் ஒரு சூட்சுமம்: பல வண்டிகளின் பிரேக் டயரை அமுக்கித்தான் நிறுத்துகிறது. காற்று குறைந்த டயரை அது பிடிக்காது. பிரேக் போட்டும் வண்டி நழுவினால் பிரேக்கைத் திட்டாமல் சைக்கிள் கடைக்குப் போய்க் காற்றடியுங்கள். பஞ்சரும் அங்கேயே ஒட்டலாம்.

மடக்கும்போது முதலில் மெத்தையை எடுக்க வேண்டும், அப்புறம் இருக்கைத் துணியை நடுவில் பிடித்து மேலே இழுக்க வேண்டும். டிரைவர் பக்கவாட்டில் நெஞ்சால் அமுக்கிப் பார்ப்பார். மடங்காது. மடங்கினால் அவர் விரல் நடுவில் இருக்கும்.

ரயிலில் வருபவர்களுக்குக் கன்னியாகுமரி ஸ்டேஷன் ஒரு வரம். தண்டவாளம் அங்கே முடிகிறது, கடலைத் தாண்டி வண்டி எங்கும் போகாது. நாகர்கோவிலில் இறங்குவதுபோல் பரபரக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் பெட்டி பெரும்பாலும் ரயிலின் ஒரு கோடியில் இருக்கும். எந்தக் கோடி என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால் பிளாட்பாரம் முழுக்க ஓட்டப்பந்தயம்தான்.

2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பத்து வீல்சேர் தோளோடு தோள் உரசாமல் போகலாம். அது இருப்பது விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவருக்கும் நடுவில், கடலில். முதலில் ஆடுகிற படகில் ஏறி இறங்கியாக வேண்டும், மண்டபத்துக்கோ படிகள். பத்து வண்டி போகிற பாலத்துக்கு ஒரு வண்டி போய்ச் சேர்வதே பெரிய பாடு.

கடற்கரை மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். முன்னால் தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். வண்டியைத் திருப்பி, பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்திலேயே பின்புறமாக இழுக்க வேண்டும். சூரியன் மறைவதைப் பார்க்க வந்தவர் வந்த வழியையே பார்த்துக்கொண்டு போவார், அது வேறு விஷயம். வீட்டுக்குத் திரும்பியதும் முன்சக்கர அச்சில் சுற்றிய முடியையும் மணலையும் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். உப்புக்காற்று பேரிங்கைச் சும்மா விடாது.

பாகங்களை எண்ணுவதும் அப்போதுதான். கால்மிதி இரண்டு, கைச்சட்டம் இரண்டு, மெத்தை... மெத்தை? வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்கும். "அண்ணே, இத வச்சிட்டுப் போய்ட்டீங்க. நல்ல மெத்தை, வடசேரி வரைக்கும் நான்தான் இதுமேல இருந்தேன்."