ஹீலோ சந்தையில் ஒரு ‘ஹிக்கி நோ’

ஹவாய்ப் பெருந்தீவில் மழை அதிகம் பெய்யும் பக்கம் ஹீலோ. சனிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய்க்குக் கீழே பப்பாளி, சீமைப்பலா, ஈரமண் ஒட்டிய சேப்பங்கிழங்கு. கிழங்கை அங்கே ‘கலோ’ என்கிறார்கள். வேகவைத்து இடித்துக் கூழாக்கினால் ‘போய்’.

ஒரு பாட்டியிடம் கலோ வாங்கிவிட்டு, “மதியம்வரை பை இங்கேயே இருக்கட்டுமா?” என்று கேட்டேன். “ஹிக்கி நோ” என்றார். கடைசி ‘நோ’ மட்டும்தான் என் காதில் விழுந்தது. சரி என்று பையைத் தூக்கினேன். பாட்டி அதை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பேரன் விளக்கினான்: ஹவாய் மொழியில் ஹிக்கி என்றால் ‘முடியும்’. நோ, அதை அழுத்திச் சொல்வது. அதாவது, ‘தாராளமா வச்சிட்டுப் போ!’

மழை பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ‘ஆமாம்’ என்பதற்கு ‘அஎ’ என்கிறார்கள். அந்த அகரத்துக்கு முன்னால் தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்க வேண்டும். அந்த அடைப்புக்கு ‘ஒகினா’ என்று பெயர். அவர்களுக்கு அது முழு மெய்யெழுத்து. நான் மென்மையாகச் சொல்லும்போதெல்லாம் பையன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். நாலாவது தடவை இரண்டு புருவத்தையும் உயர்த்தினான். அதுவும் ‘ஆமாம்’தானாம்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ‘ஓ இயா’. பக்கத்துக் கடைக்காரர் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் பாட்டி “ஓ இயா” என்றார். நாம் கதைக்கு ‘உம்’ கொட்டுவோமே, அதேதான். பொருள், ‘அப்படித்தான்’. குரல் மேலே போனால் ‘அப்படியா?’

இத்தனைக்கும் இந்த மொழியைப் பாட்டி பேரனிடம்தான் கற்றுக்கொண்டாராம். 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பாடமொழியாக்கியது. ஹவாய் மொழி பேசியதற்குத் தன் அம்மா பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார். அதனால் வீட்டிலும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. 1984-இல் ஹவாயின் இன்னொரு தீவான கவாயில் ‘பூனானா லேயோ’ என்ற மழலையர் பள்ளி தொடங்கியது. பெயருக்கு ‘மொழிக்கூடு’ என்று பொருள். 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் ஹவாய் மொழிவழி வகுப்புகள் வந்தன. முதல் இரண்டில் ஒன்று ஹீலோவின் கேயாவுகாஹாவில். பேரன் படிப்பதும் அப்படியொரு வகுப்பில்தான்.

மழை விட்டது. பையை எடுத்துக்கொண்டு, “புதன்கிழமையும் கடை உண்டா?” என்று கேட்டேன். பாட்டி சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை, புருவங்கள் மட்டும் மேலே போயின.