கிளிக்கை நிறுத்திய பிறகு

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பதினோரு வருடமாக சவுண்ட் இன்ஜினியராக இருக்கிறேன். பெரும்பாலும் சினிமா வேலைதான். புரோகிராமர் முதலில் கணினியில் தாளத்தை அமைத்து அனுப்பிவிடுவார். பாடகர் தனியாக வந்து பாடுவார், புல்லாங்குழல்காரர் இன்னொரு நாள் வருவார், வயலின் பகுதி வேறு ஊரிலிருந்து ஃபைலாக வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பாட்டு முடிந்துவிடும். நான் தொழில் கற்றது அப்படித்தான். ஒரு ராக் குழு தங்கள் முதல் ஆல்பத்துக்காக வந்தபோதும் அதே வழியில் வேலையை ஆரம்பித்தேன். அது தவறு என்று எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

நான்கு பேர். டிரம்ஸ், பேஸ், லீட் கிடார், அப்புறம் கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். எல்லாருக்கும் பகலில் வேலை உண்டு, அதனால் சனி ஞாயிறு மட்டும்தான். மொத்தம் ஒன்பது பாட்டு, எல்லாம் மேடையில் நான்கு வருடம் வாசித்துத் தேய்த்தவை.

முதல் வாரம் டிரம்மரை மட்டும் வரச் சொன்னேன். கிக்குக்கு இரண்டு, ஸ்னேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, ஹை-ஹாட்டுக்கு ஒன்று, டாம்களுக்கு மூன்று, தலைக்கு மேல் இரண்டு என்று பத்து மைக் வைத்தேன். ஹெட்போனில் நிமிடத்துக்கு 112 தட்டு என்று கிளிக், அதாவது வேகம் மாறாமலிருக்க ஓடவிடும் டிக்-டிக் சத்தம், ஓடியது. அவர் அதற்கு முன்னும் பின்னும் நகர்ந்த இடங்களை எல்லாம் இரவு உட்கார்ந்து வெட்டி, இழுத்து, திரையில் சம இடைவெளியில் தட்டுகளைக் காட்டும் கிரிட் கோட்டின் மேல் வைத்தேன். பெருமையாகவே செய்தேன். அதன் மேல் பேஸ், பிறகு கிடார்கள், எல்லாம் தனித்தனியாக.

ஐந்து பாட்டு தயாரானதும் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். சத்தம் சுத்தமாக இருந்தது. முடிந்ததும் யாரும் பேசவில்லை. கடைசியில் டிரம்மர்தான் சொன்னார்: "நல்லா இருக்குண்ணா. ஆனா இத நான் வாசிச்ச மாதிரியே தோணல."

அடுத்த வாரம் அவர்கள் நிகழ்ச்சிக்குப் போனேன். போனில் பதிவு செய்து வந்து, கணினியில் போட்டுத் தட்டுகளை எண்ணினேன். சரணம் 112-ல் இருந்தது. கோரஸ் வந்ததும் 115, 116 என்று ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது. நான்கு பேரும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினார்கள். பாடகர் கடைசி வரியைக் கொஞ்சம் தாமதமாக எடுப்பார். டிரம்மர் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே ஃபில்லை, அதாவது வரிகளுக்கு நடுவே வரும் உருட்டலை, நிறுத்திவைத்துப் போடுவார். கேட்பவர்கள் துள்ளுவது அந்த இடத்தில்தான். பிழை என்று நினைத்து நான் வெட்டி எறிந்ததும் அதைத்தான்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பெரிய கூடங்களில் ஐம்பது அறுபது பேர் ஒன்றாக உட்கார்ந்து சினிமாப் பாட்டு வாசித்த காலத்தில் வேலை பார்த்தவர் அவர். "ஒருத்தன் தப்பு பண்ணா எல்லாரும் முதல்லேருந்து வாசிக்கணும்ப்பா. அதனால பக்கத்துல இருக்கிறவன கேட்டுக்கிட்டேதான் ஒவ்வொருத்தனும் வாசிப்பான்," என்றார்.

ராக் இசையின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. பிங்க் ஃபிளாய்ட் 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை, 1972 ஜனவரியிலிருந்தே மேடையில் வாசித்து வந்தார்கள். ரெக்கார்டிங் அதற்குப் பிறகுதான். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், நான்கு வருட மேடையோடு வந்தவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தேன்.

மூன்று மாத வேலைக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தோம். நான்கு பேரும் ஒரே அறையில், முகம் பார்த்தபடி. டிரம்ஸ் மைக்கில் கிடார் சத்தம் கலக்காமல் இருக்க ஆம்ப்ளிஃபயர்களை வராந்தாவில் வைத்துப் போர்வை போர்த்தினோம். கிளிக் முதல் நான்கு தட்டுக்கு மட்டும், பிறகு நிறுத்திவிடுவேன். முதல் பாட்டு ஆறாவது டேக்கில் அமைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு பாட்டுக்கு மட்டும் டிரம்ஸ் பெரிதாகக் கேட்க வேண்டும் என்றார்கள். லெட் செப்பலின் தங்கள் நான்காவது ஆல்பத்துக்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் தங்கி வேலை செய்தார்கள். அங்கே ஜான் பான்ஹமின் டிரம்ஸை மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலே படிக்கட்டில் இரண்டு மைக் தொங்கவிட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தார் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ். எங்கள் கட்டடத்திலும் மூன்று மாடிக்குப் படிக்கட்டு இருக்கிறது. கீழே டிரம்ஸைப் போட்டு, இரண்டாவது மாடிக் கைப்பிடியிலிருந்து இரண்டு மைக்கை இறக்கினேன். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடைகள் அடைத்த பிறகு வாசித்தோம். அந்தச் சத்தம், எதிரொலி சேர்க்கும் எந்த ரிவெர்ப் மென்பொருளிலும் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. நல்ல டேக்கின் கடைசியில் தெருவில் போன லாரியின் ஹாரன் விழுந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

பாடுகிற நாட்களை வரிசைப்படுத்த பீட்டில்ஸ் உதவினார்கள். தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் லண்டனில் பாடி முடித்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று சளி. தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தார்கள். நாங்களும் அலறிப் பாட வேண்டிய இரண்டு பாட்டுகளைக் கடைசி ஞாயிறு மாலைக்குத் தள்ளினோம்.

மிக்ஸிங் ஐந்து வாரம் எடுத்தது. வெளியிடும் முன் கடைசியாகச் செய்யும் மாஸ்டரிங்கில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன்: சத்தத்தை நசுக்கி எல்லா இடத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களே பாட்டுகளை ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துவிடுகின்றன. எனவே உரக்க வைப்பதில் லாபம் இல்லை. நசுக்கினால் கோரஸில் அவர்கள் சேர்ந்து எழும் அந்த எழுச்சி மறுபடியும் போய்விடும்.

வெளியான வெள்ளிக்கிழமை நள்ளிரவில் ஐந்து பேரும் ஸ்டுடியோவிலேயே இருந்தோம். விளக்கை அணைத்துவிட்டு ஒன்பது பாட்டையும் வரிசையாகக் கேட்டோம். டிரம்மர் கண்ணை மூடி, தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

கிரிட்டில் வைத்த அந்த ஐந்து பாட்டும் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போடுகிறேன். எது எப்படிச் செய்தது என்று முதலில் சொல்வதில்லை. அவர்கள் கால் எதற்கு ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.