பாய்மரக் கயிறுகளைத் துவைக்கப் போய் ஒன்றை இழந்த அனுபவம்

தொண்டிப் பக்கத்தில் என் மாமனார் வைத்திருக்கும் சிறிய பாய்மரப் படகின் கயிறுகள் உப்பும் மணலும் ஏறி, சுருட்டினாலும் சுருளாமல் விறைத்துக் கிடந்தன. அங்கே கோடையில் நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது என்பதால், பாயை ஏற்றும் ஆஞ்சானையும், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமானையும், நங்கூரக் கயிற்றையும் நானே கேட்டு வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்தேன். முதல் இரண்டும் பாலியெஸ்டர் பின்னல். மூன்றாவது முறுக்கிய நைலான்.

ஆஞ்சானையும் நங்கூரக் கயிற்றையும் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சலவைக் கடையில் கொடுத்தது பெரும் பிழை. வெளுப்பு மருந்து சேர்க்க வேண்டாம் என்று வாயால் சொன்னேனே தவிர, ரசீதில் எழுதி வாங்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போனபோது வெள்ளை நைலான் மஞ்சளாகியிருந்தது. ஆஞ்சானை மூட்டை கட்டாமல் இயந்திரத்தில் போட்டிருந்ததால் அது ஒரே சிக்கலாகத் திரண்டு, அதன் மேலுறை உள்கயிற்றை விட்டு ஓரிடத்தில் நழுவியிருந்தது. "அழுக்குப் போய்விட்டதே சார்" என்று சொல்லி முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். வெளுப்பு மருந்திலுள்ள குளோரின் நைலான் இழையின் வலுவைக் குறைக்கும். இரவில் படகையே பிடித்து நிறுத்த வேண்டிய கயிறு அது என்பதை நினைத்தபோது என் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

மிஞ்சிய தாமானை வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரக் கட்டி போட்டுத் தேய்த்தேன். நுரையே வரவில்லை, கடின நீரோடு சேர்ந்து சவுக்காரம் வெள்ளைப் படிவாகத் திரிந்து புரிகளுக்குள் ஒட்டிக்கொள்ள, காய்ந்தபின் கயிறு முன்னைவிட விறைத்தது.

பிறகுதான் மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் காத்திருந்து, பெரிய டிரம்மில் பிடித்து, சோப்பு எதுவும் போடாமல் இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் அந்த நீரில் ஒரு துளியை நாக்கில் வைத்தால் நன்றாகவே கரித்தது. உப்புக் கரையாமல் சோப்பைப் போடுவது வீண். அந்தப் படிகங்கள்தான் உள்ளே உராய்ந்து இழைகளை அறுக்கின்றன. கரிப்பு அடங்கும்வரை மூன்று முறை நீர் மாற்றினேன். அதன்பின் கயிற்றைச் சங்கிலிப் பின்னலாகக் கோத்து, தலையணை உறைக்குள் கட்டி, வெதுவெதுப்பான நீரில் துணி துவைக்கும் திரவம் சிறிதளவு கலந்து காலால் மிதித்தேன். கடைசி அலசலில் துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு மூடி மட்டும். கூடினால் கயிறு வழுக்கி முடிச்சு நிற்காது. ஈயக் கறை போன்ற பழைய கருமை முழுக்க நீங்கவில்லை. அதற்காக உயர் அழுத்த நீர்க்குழாயைத் தேடிப் போகாதீர்கள், அது இழைகளைப் பிரித்துவிடும்.

மொட்டை மாடி வெயிலில் போடாமல், மாடிப்படிக் கைப்பிடியில் தளர்ந்த வளையங்களாக நிழலில் தொங்கவிட்டேன். உட்பகுதி காய இரண்டு நாளாயிற்று.

தாமானைக் கையில் வாங்கிய மாமனார் அதை விரல்களில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி உள்ளங்கை பிழைத்தது மாப்பிள்ளை" என்றார். ஆஞ்சானில் உறை நழுவிய முனையை வெட்டியெறிந்து, மீதியை வைத்துக்கொண்டார். மஞ்சளாகிப்போன நங்கூரக் கயிற்றை அவர் படகில் ஏற்றவே இல்லை. அதற்கு ஈடாகப் புதிய நைலான் கயிறு நான் வாங்கிக் கொடுத்தேன்.