மோர் பெட்டர் என்று எழுதிய காலம்

‘இந்த வீடு அந்த வீட்டைவிடப் பெரியது’ என்னும்போது தமிழில் ‘பெரியது’ சிறிதும் மாறுவதில்லை. ஒப்பீட்டின் சுமை முழுவதையும் ‘விட’ தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ பெயரடையே உருமாறவோ துணைச்சொல் ஒன்றை ஏற்கவோ வேண்டும்: ‘டால்’ போன்ற ஓரசைச் சொல் டாலர் (அமெரிக்க நாணயம் அன்று), டாலஸ்ட் என விகுதி ஏற்கும், ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொல் மோர், மோஸ்ட் என்பவற்றை முன்னே நிறுத்திக்கொள்ளும்.

பள்ளி நாள்களில் நான் ‘மோர் பெட்டர்’ என்றே எழுதிவந்தேன். ‘விட’ என்பதற்கு நிகரான ஒரு தனிச்சொல்லை மனம் தேடியதே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ‘குட்’ என்பதிலிருந்து பிறக்காமல் வேறொரு வேரிலிருந்து வந்த ‘பெட்டர்’, ஒப்பீட்டைத் தன்னுள்ளேயே கொண்டது. ஆயினும் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இத்தகைய இரட்டை ஒப்பீட்டைத் தயங்காமல் எழுதினர். ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொல்லான ‘லெஸ்’ மீண்டும் விகுதி பெற்று உருவான ‘லெஸ்ஸர்’ இன்றும் பிழையற்ற சொல்லாகவே வழங்குகிறது.